ஓதம் ஏறிய வீடும் ஓயாத இருமலும்

வாசகர்களின் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் வயது 46. தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் வீட்டு உரிமையாளர் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. எத்தனை முறை துடைத்தாலும் மீண்டும் வருகிறது. அப்போதிலிருந்து எனக்கு வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், மாலையில் லேசான காய்ச்சல், தாங்க முடியாத அசதி. எட்டு கிலோ இளைத்துவிட்டேன். காசநோய் இல்லை என்று சளிப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். திருநெல்வேலியில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருந்தால் பாதி குணமாகிறது. திரும்பி வந்த நான்காம் நாளே பழைய நிலைதான். 'எல்லாம் மனப்பிரமை' என்கிறார் கணவர். இது பூஞ்சையால் வந்த நோயா? வாழ்நாள் முழுவதும் இப்படியேதானா?
வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, அக்கா வீட்டைப் பற்றிய வரிதான். இடம் மாறினால் தணிந்து, வீடு திரும்பினால் கூடுகிற நோய்க்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்து வரும்போது அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது சரியல்ல. இந்தப் பத்தியை உங்கள் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

ஓதம் காத்த சுவரில் வளரும் பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அவை தும்மலையோ மூக்கடைப்பையோ தருவதோடு சரி. சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும் அல்லது முற்றச் செய்யும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை மூச்சுக் குழாய்ச் சளியிலேயே தங்கி, கடும் ஒவ்வாமையை உண்டாக்கி, நாளடைவில் குழாய்களை விரிவடையச் செய்துவிடும். நம் நாட்டில் இந்த நோயைக் காசநோய் என்று தவறாகக் கருதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது இன்றும் நடக்கிறது. உங்களுக்கு முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்தது சரியான முடிவே. ஆனால் 'காசநோய் இல்லை' என்பதோடு தேடலை நிறுத்தியிருக்கக் கூடாது.

நீங்கள் எழுதியுள்ள குறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்னும் நோய். இது தொற்று அல்ல. நுரையீரலில் பூஞ்சை முளைப்பதில்லை. மீண்டும் மீண்டும் உள்ளே வரும் வித்துகளை எதிர்த்து நம் உடலின் பாதுகாப்பு ஏற்பாடே அளவுமீறிப் பொங்கி, காற்று நுண்ணறைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய திசுவையும் புண்ணாக்குகிறது. ஆன்டிபயாடிக் இதற்குப் பலன் தராததன் காரணம் இதுவே. இது ஏதோ அரிய நோய் என்றும் எண்ண வேண்டாம். நுரையீரல் திசு நோய் உள்ள 1,084 பேரை இந்தியாவின் 27 மருத்துவ மையங்களில் பதிவுசெய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 47 சதவீதத்தினருக்கு இந்த நோயே இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலரின் ஈரமான புல் தட்டியும் உங்கள் வீட்டுச் சுவரும் பூஞ்சைக்கு ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் கூலர் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். பால்கனியில் புறா அடைந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் புறா எச்சமும் இறகும் இதே நோயைத் தரக்கூடியவை.

நெஞ்சுக்கு, திசுவை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்ஆர்சிடி ஸ்கேன், வாயுப் பரிமாற்ற அளவையும் சேர்த்த நுரையீரல் திறன் பரிசோதனை, மொத்த ஐஜிஇ, ஆஸ்பர்ஜில்லஸுக்கான ஐஜிஇ, ஐஜிஜி ஆகிய எதிர்ப்பொருள்களை அளக்கும் ரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐஜிஜி கூடியிருப்பது, உடல் அந்தப் பூஞ்சையைச் சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது.

வாழ்நாள் முழுவதும் இப்படியேதானா என்ற கேள்விக்கு விடை அந்த ஸ்கேனில் இருக்கிறது. திசுவில் தழும்பு விழாத நிலையில் கண்டறிந்து, வீட்டிலுள்ள காரணத்தையும் அகற்றிவிட்டால், பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். தழும்பு விழுந்திருந்தால் அந்தப் பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. எஞ்சியதைக் காப்பதே சிகிச்சையின் நோக்கமாக இருக்கும், தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கவும் இப்போது மருந்து உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இருமல் சட்டென்று அடங்கும். அந்த நிம்மதியில் அதே படுக்கையறையில் தொடர்ந்து படுப்பவர்களைத்தான் நான் அதிகம் கண்டிக்கிறேன். மருந்து ஒரு பக்கமும் சுவர் மறுபக்கமும் இழுத்துக்கொண்டிருக்கும் வீட்டில், நோயாளிக்கு மிஞ்சுவது மருந்தின் பக்கவிளைவுகளே. ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. சாப்பிடும் காலத்தில் சர்க்கரையையும் எலும்பின் வலுவையும் கவனிக்க வேண்டும்.

அசதியைப் பற்றி மருத்துவர்கள் அதிகம் பேசுவதில்லை. நோயாளிகளைக் கேட்டால் மூச்சு வாங்குதலைவிட அதுவே வாழ்க்கையைச் சுருக்குகிறது என்பார்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் தேங்கிய வேலையையெல்லாம் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது வழக்கமான தவறு. காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள். துவைப்பதையும் பெருக்குவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவை ஆறு நிமிடம் நடந்த பிறகு பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து நடக்கும்போது சரிவது இந்நோயின் இயல்பு. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும், ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் அவசியம்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஈரம் காயாத சுவரின் மேல் பட்டி பார்ப்பது, புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவதைப் போன்றது. நீர் எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் கண்டுபிடித்து அதை அடைக்க வேண்டும். பிறகு கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அந்த நாட்களில் நீங்கள் வீட்டில் இருக்கவே கூடாது, ஏனெனில் கொத்தும்போதுதான் வித்துகள் மிக அதிகமாகப் பறக்கும். வேலை செய்பவர்களும் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும். சிறு திட்டுகளைச் சோப்புத் தண்ணீரால் ஈரத்துணி கொண்டு துடைக்கலாம், துடைப்பத்தால் தட்டக் கூடாது. அதையும் உங்கள் கணவரே செய்யட்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தை இன்னும் வீட்டில் இருந்தால், எத்தனை நாள் வெயிலில் காயப்போட்டிருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உரிமையாளர் இதற்கெல்லாம் இணங்காவிட்டால், வீடு மாறுவதையே நான் மருந்துச் சீட்டில் முதல் மருந்தாக எழுதுவேன். அது எளிதல்ல என்பதும், அட்வான்ஸ் பணத்திலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் அது கலைத்துப்போடும் என்பதும் எனக்குத் தெரியும்.

கேள்வி: பூஞ்சை படர்ந்த வீட்டில் குடியிருந்துவிட்டு வந்த பிறகு எனக்கு நினைவு மங்குகிறது, உடல் வலிக்கிறது. சிறுநீரில் பூஞ்சை நஞ்சைக் கண்டறியும் சோதனையும், 'நச்சு நீக்கும்' மருந்துத் தொகுப்பும் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், கோவை

பதில்: வாங்க வேண்டாம். சில பூஞ்சைகள் நஞ்சு சுரப்பது உண்மை. ஆனால் அந்த நஞ்சு நாம் உண்ணும் வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும்கூடச் சிறிதளவு இருக்கக்கூடும் என்பதால், சிறுநீரில் அது தென்பட்டாலும் வீட்டுச் சுவரிலிருந்துதான் வந்தது என்று சொல்ல வழியில்லை. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமும் இந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. ஓதமுள்ள வீடுகளுக்கும் சுவாச நோய்களுக்கும் உள்ள தொடர்பை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி உறுதியாகச் சொல்கிறது. நினைவு மங்கலுக்கும் உடல் வலிக்கும் அத்தகைய உறுதியான சான்று இதுவரை இல்லை. இதனால் உங்கள் வேதனை பொய் என்றாகிவிடாது. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தப் பணம் அதற்கே போதும். பூஞ்சையைக் குற்றம்சாட்டிக்கொண்டே, சரிசெய்யக்கூடிய வேறொரு நோயைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வாடகைக்கு விடும் குடியிருப்பில் வசிக்கிறோம். படுக்கையறை முழுவதும் கறுப்புப் பூஞ்சை; மகளுக்கு மூச்சு இளைப்பு. 'நீங்கள் சமைக்கும் முறைதான் காரணம், சன்னலைத் திறந்து வையுங்கள்' என்கிறார்கள் கவுன்சில் அலுவலர்கள். இது கொடிய கறுப்புப் பூஞ்சையா என்று எப்படி அறிவது?
வாசகி, லண்டன்

பதில்: நிறத்தை வைத்து அறிய முடியாது, அறிய வேண்டிய தேவையும் இல்லை; எந்தப் பூஞ்சையானாலும் அகற்ற வேண்டியதே. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்ததற்கு, வீட்டுப் பூஞ்சையோடு நெடுநாள் இருந்ததே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். அந்தப் பெற்றோர் முறையிட்டபோதும் அவர்களுடைய வாழ்க்கை முறைமீதே பழி போடப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் உங்களுடையதைப் போன்ற சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறையில் உள்ளது. கடுமையான ஓதம், பூஞ்சை பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும்; ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும்; அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள். தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியுடன் படமெடுத்து வையுங்கள், மகளின் இளைப்பையும் வீட்டின் பூஞ்சையையும் ஒரே கடிதத்தில் குறிப்பிடும்படி உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். வேலை முடியும்வரை மகள் வேறு அறையில் உறங்கட்டும்.