சென்சார் பதில் தரவில்லையா? புரோகிராமுக்கு முன் வயரைப் பாருங்கள்

(கீழே வரும் ஐ2சி முகவரிகளும், ரெஜிஸ்டர் எண்ணும், அதில் படிக்கும் மதிப்புகளும் ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்கள். ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்.)

இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் பிஎம்இ280 (வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் சென்சார்) இணைத்தேன். ஐ2சி ஸ்கேனரில் (இரண்டு வயர் ஐ2சி இணைப்பில் உள்ள சாதனங்களைத் தேடும் புரோகிராம்) எந்த முகவரியும் வரவில்லை. சென்சார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஸ்கேனரிலேயே வரவில்லை என்றால் சென்சார் லைப்ரரியை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. முதலில் ஹெடர் பின்களைப் பாருங்கள். சால்டர் செய்யாமல் துளையில் செருகி மட்டும் வைத்தால் தொட்டும் தொடாமலும் இருக்கும். அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். பிறகு கிரவுண்ட் பொதுவாக இருக்கிறதா, எஸ்டிஏ (டேட்டா லைன்) 21 எண்ணுள்ள பின்னிலும் எஸ்சிஎல் (கிளாக் லைன்) 22 எண்ணுள்ள பின்னிலும் போயிருக்கிறதா என்று சரிபாருங்கள். சாதாரண இஎஸ்பி32 டெவ் போர்டில் அவைதான் டிஃபால்ட். எஸ்3, சி3 வகைகளில் மாறும்.

அதன்பின் மல்டிமீட்டர். ஐ2சி எதுவும் இல்லாத வெற்று ஸ்கெட்ச்சை (ஆர்டுயினோ புரோகிராம்) ஏற்றிவிட்டு, கிரவுண்டுக்கும் ஒவ்வொரு லைனுக்கும் இடையே டிசி வோல்ட்டில் அளந்து பாருங்கள். வெற்று ஸ்கெட்ச் எதற்கு? ஐ2சி-க்கான Wire லைப்ரரி ஓடினால் சிப்பின் உள் புல்-அப் (லைனை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வேலை செய்து, வெளியே ரெசிஸ்டர் இல்லாததை மறைத்துவிடும். இரண்டும் 3.3 வோல்ட் அருகே நிற்க வேண்டும். நிலையில்லாமல் அலைந்தால், ஒவ்வொரு லைனிலிருந்தும் 3.3 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். எஸ்டிஏ மட்டும் சுழியத்தில் கிடந்தால் ஷார்ட்டாக இருக்கலாம். அல்லது பைட் பாதியில் இருக்கும்போது போர்டு ரீசெட் ஆகி, மீதி கிளாக்குக்காக சென்சார் லைனை இழுத்துப் பிடித்திருக்கலாம். ரீசெட் பட்டனை அழுத்துவதால் இது தீராது. சென்சாரின் பவரை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள், அல்லது எஸ்சிஎல்-லில் 9 கிளாக் பல்ஸ் அனுப்புங்கள்.

ஸ்கேனர் 76 காட்டுகிறது. ஆனால் லைப்ரரி சென்சார் இல்லை என்கிறது.

ஏடாஃப்ரூட் லைப்ரரி 77-ஐத்தான் தேடும். பிகின் (begin) அழைப்பில் 0x76 என்று நீங்களே கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் டி0 ரெஜிஸ்டரைப் படியுங்கள்: 60 வந்தால் பிஎம்இ280, 58 வந்தால் பிஎம்பி280. பின்னதில் ஈரப்பதம் அளக்கும் வசதியே கிடையாது. அதற்குரிய லைப்ரரிக்கு மாறுங்கள்.

எம்பியூ6050 (அசைவு சென்சார்), டிஎஸ்3231 (கடிகாரச் சிப்) தனித்தனியாக ஓடுகின்றன, சேர்த்தால் குழப்பம்.

இரண்டுக்கும் முகவரி 68. டிஎஸ்3231-இல் மாற்ற முடியாது. எம்பியூவின் ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் கட்டினால் 69 ஆகிவிடும்.

டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் சில நேரம் -127, சில நேரம் 85 காட்டுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். -127 வெப்பநிலையே அல்ல. சென்சாரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்று லைப்ரரி தரும் குறியீடு. டேட்டாவுக்கும் பவருக்கும் இடையே 4.7 கிலோஓம் இருக்கிறதா, வயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 85 என்பது பவர் வந்தவுடன் சென்சாரின் நினைவகத்தில் இருக்கும் மதிப்பு. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதற்குள் படித்தால் இந்தப் பழைய எண்தான் வரும். போதுமான நேரம் விட்டும் 85 வந்தால், அளக்கும் நொடியில் சென்சாருக்குப் பவர் விழுந்திருக்கலாம். அதன் பவர் பின்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

எச்சி-எஸ்ஆர்04 (ஒலியால் தூரம் அளக்கும் சென்சார்) மாட்யூலின் எக்கோ பின்னை (பதில் சிக்னல் வரும் பின்) இஎஸ்பி32-க்கு நேராகக் கொடுக்கலாமா?

வேண்டாம். 5 வோல்ட்டில் ஓடும் மாட்யூலின் எக்கோவும் 5 வோல்ட்தான். இஎஸ்பி32 பின் 3.3 வோல்ட்டுக்கானது. எக்கோவிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். இரண்டும் சேரும் நடுப்புள்ளியை போர்டுக்குக் கொடுங்கள். அளவீட்டைத் தொடங்கி வைக்கும் டிரிகர் பின்னுக்கு இது தேவையில்லை.