மீதிப் பத்துப் பேர்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நன்னிலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் குறுவட்டப் போட்டியில் எங்கள் பையன்கள் கால்பந்தில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். பத்தாவது படிக்கும் ஒருவன் இருக்கிறான். அவன் காலுக்குப் பந்து வந்தால் மற்ற பள்ளி பி.டி. சார்களே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய இருபது நிமிடம் இருக்கும்போது எதிரணிப் பையன் ஒருவன் இவன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான். இவன் திரும்பிப் போய் அவன் மூக்கிலேயே தலையால் முட்டிவிட்டான். ரத்தம் வந்துவிட்டது. ரெட் கார்டு. பத்துப் பேரோடு ஆடினோம். கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

அன்று ராத்திரியே பையன்கள் எல்லோரும் இவன் படத்தையும் பிரெஞ்சுக் கால்பந்து வீரர் ஜிடேன் படத்தையும் சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். ஜிடேன் இதே மாதிரி எதிரணி வீரரைத் தலையால் முட்டிய 2006 உலகக் கோப்பை நடந்தபோது இவர்கள் பிறக்கவே இல்லை. மறுநாள் கூப்பிட்டுத் திட்டினேன். ஒருத்தன் சொல்கிறான்: “ஜிடேன் முட்டினதுக்கு கத்தார்ல சிலையே வச்சிருக்காங்க சார். எங்க மாமா போட்டோ அனுப்பினாரு.” எனக்குப் பதில் வரவில்லை. தலைமையாசிரியர் அவனை ஒரு வருடம் டீமில் சேர்க்க வேண்டாம் என்கிறார். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர், “அம்மாவைச் சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது” என்கிறார்கள்.

நீங்கள் ஜிடேன் ரசிகர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அன்று அவரை எப்படி மன்னித்தீர்கள்? இந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வது?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பையன்களுக்குச் சொல்லும் முன் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருந்தன.

2006 ஜூலை 9 ராத்திரி நான் காரைக்காலில் இருந்தேன். ஆனி மாதக் கடைசி. எங்கள் ஊரில் போர்த் தண்ணீரில் குறுவை நட்டு முடித்திருந்தோம். கடைசி பஸ் பிடித்து ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காரைக்காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு திரும்பியவர்களை சொல்தா என்பார்கள். பிரான்ஸ் ஆடினால் அந்தத் தெருக்களில் அது வெளிநாட்டு டீம் இல்லை. நாம் ஜிடேன் என்று எழுதுகிறோம், அவர்கள் ஜிதான் என்பார்கள். எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

பிரான்ஸ்–இத்தாலி இறுதி ஆட்டம் நம் நேரப்படி பதினொன்றரைக்கு. டிவியைத் திண்ணைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். தெருவே உட்கார்ந்திருந்தது. ஏழாவது நிமிடத்தில் பெனால்டி. ஜிதான் பந்தை நோகாமல் மேலே தூக்கிவிட்டார். குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே துள்ளியது. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், இத்தாலி கோல்கீப்பர் புஃபானுக்கு எதிராக, 34 வயதில், இதுதான் கடைசி ஆட்டம் என்று அறிவித்துவிட்டு வந்தவர் அப்படி அடிக்கிறார். பத்தொன்பதாவது நிமிடத்தில் இத்தாலியின் மெட்டராஸி தலையால் சமன் செய்தார். அதற்குப் பிறகு கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் ஜிதான் தலையால் அடித்த பந்து கோலுக்குள் போயிருக்க வேண்டியது. புஃபான் எகிறி மேலே தட்டிவிட்டார். அது மட்டும் போயிருந்தால் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

110ஆவது நிமிடம். பந்து வேறு பக்கம் இருந்தது. மெட்டராஸி தரையில் கிடக்கிறார், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவர் எலிஸோண்டோவே பார்க்கவில்லை. நான்காவது நடுவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு திரும்பப் போட்டுக் காட்டினார்கள். ஜிதான் நடந்து போகிறார், நிற்கிறார், திரும்பி வருகிறார், நெஞ்சில் முட்டுகிறார். சிவப்பு அட்டை. கோப்பை வைத்திருந்த மேடையைக் கடந்து, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

திண்ணையில் சத்தம். “என்னமோ சொல்லியிருக்கான்யா அவன்.” “சும்மா முட்டுவாரா?” என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரே நிமிடத்தில் தீர்ப்பெழுதி முடித்துவிட்டோம். நானும் கத்தினேன். அப்போது மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொல்தா தாத்தா, எழுபதைத் தாண்டியவர், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அத வுடுங்கடா. இப்ப பெனால்டிய யாரு அடிப்பா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது எங்கள் காதிலேயே விழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கணக்குப் பாருங்கள். பிரான்ஸ் பக்கம் வியேரா அடிபட்டு 56ஆவது நிமிடத்திலேயே வெளியே போய்விட்டார். ரிபேரி நூறாவது நிமிடத்தில் போனார். ஆன்ரி 107இல் போனார். மாற்று ஆட்டக்காரர் மூன்று பேரும் தீர்ந்துவிட்டார்கள். மூன்று நிமிடம் கழித்து ஜிதானும் இல்லை. மிச்சம் பத்துப் பேர், எதிரே இத்தாலி. ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்து பெனால்டிக்குப் போனது. பிரான்சுக்கு இரண்டாவதாக த்ரெஸகே வந்தார். 2000இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இதே இத்தாலியை ஒரே அடியில் வீழ்த்திய தங்க கோல், அதாவது விழுந்ததும் ஆட்டமே முடிந்துவிடும் கோல், அவருடையது. அன்று அவர் அடித்ததும் கம்பத்தின் அடியில்தான் பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் போட்டார்கள். 5–3, கோப்பை இத்தாலிக்கு.

விடியும்வரை ஜிதானைப் பற்றியே பேசினோம். த்ரெஸகேயின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

எப்படி மன்னித்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மன்னிக்கவே இல்லை, தம்பி. மன்னிக்க வேண்டுமென்றால் முதலில் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படியை நாங்கள் மிதிக்கவே இல்லை. கோபத்தையே ஒரு பெருமையாக்கிக்கொண்டு தாண்டிவிட்டோம். நாங்கள் மட்டுமல்ல. பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று கேட்டு எழுதிய பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ், பிறகு தான் எழுதியதற்கே வருத்தம் தெரிவித்தது. குடியரசுத் தலைவர் சிராக் ஜிதானை மனசுள்ள மனிதர் என்று பாராட்டினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே வந்தது. அவர் அப்படி முட்டுவது அது முதல் தடவையும் இல்லை. இத்தாலியின் யுவெண்டஸ் கிளப்பில் இருந்தபோது 2000இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப் வீரர் ஒருவரைத் தலையால் முட்டி ஐந்து ஆட்டத் தடை வாங்கியவர். 1998 உலகக் கோப்பையில் சவூதி வீரரை மிதித்து இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கட்டுரைகளில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. உங்கள் பையன்களின் ஸ்டேட்டஸுக்கு என்னைப் போன்றவர்கள் எழுதாமல் விட்டதும் ஒரு காரணம்.

உங்கள் பையன்கள் போனில் பார்க்கும் வீடியோ பத்து விநாடி. அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. மூன்று நாள் கழித்து, ஜூலை 12 அன்று, ஜிதான் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பேசினார். மன்னிக்கவே முடியாத செயல் என்று தன் வாயால் சொன்னார். பார்த்த குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டார். அதோடு நிற்கவில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையே வேலையாகக் கொண்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். அது நன்னிலத்தில் விசிலோடு நிற்கும் உங்களுக்கும் சேர்த்துக் கேட்ட மன்னிப்பு. வகுப்பில் இதைச் சொல்லுங்கள். அவர் கேட்ட மன்னிப்பு எனக்கு வந்திருக்கிறது, உங்கள் ஸ்டேட்டஸுக்கு அது வரவில்லையா என்று கேளுங்கள்.

அதே பேட்டியில், செய்ததற்கு வருந்தினால் மெட்டராஸி சொன்னது சரி என்று ஆகிவிடும், அதனால் வருந்த முடியாது என்றும் சொன்னார். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2010இல் ஒரு ஸ்பானிய நாளிதழிடம் பேசும்போது, மெட்டராஸியிடம் மட்டும் ஒருநாளும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றார். அந்த இடத்தில் நான் அவரோடு இல்லை. ஆனால் அதே பேட்டியில் இன்னொன்றும் சொன்னார். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குள் போனதும், இது எதையும் மாற்றாது, ஆனாலும் எல்லோரும் என்னை மன்னித்துவிடுங்கள் என்று சக வீரர்களிடம் கேட்டாராம். சொல்தா தாத்தா திண்ணையில் கேட்ட கேள்வி ஜிதானுக்குக் கேட்டிருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தை அறுவடை முடிந்ததும் தாள் நின்ற வயலில் மூங்கில் நட்டு, ஊருக்கு ஊர் ஏழு பேர் ஆட்டம் நடத்துவோம். எங்கள் பக்கம் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். காய்ந்த தாளில் செருப்பில்லாமல், பந்து காலில் ஒட்டிய மாதிரி ஓடுவான். ஒரு வருடம் பக்கத்து ஊர்க்காரன் அவன் அம்மாவைச் சொன்னான். இவன் ஓங்கி ஒரு அறை விட்டான். ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். நாங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு ஊருக்கு வந்தோம். தூக்கிய நாலு தோளில் ஒன்று என்னுடையது. டீக்கடையில் ஒரு மாதம் அதே பேச்சு. ஒருவரும் அவன் போட்ட கோல்களைப் பற்றிப் பேசவில்லை. அந்த அறையைப் பற்றித்தான் பேசினோம்.

அடுத்த தையில் முதல் ஆட்டத்திலேயே எதிரணி அதே வார்த்தையைச் சொன்னது. அடித்தான், வெளியே போனான். அடுத்த ஊரும் அதையே செய்தது. அவனை மார்க் பண்ண மூன்று பேர் தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஒரு வார்த்தை போதும். இதைச் சுற்றுப்பட்டுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது எங்கள் தோள்தான். அடிக்காமல் திரும்பிவிடலாம் என்று அவன் நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. கரையில் நாங்கள் காத்துக்கொண்டிருந்தோமே. மூன்றாவது வருடம் அவன் ஆட வரவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் இல்லாத ஆட்டங்களில் அவன் இடத்தில் ஓடிய சின்னப் பையன் கோலைத் தவறவிட்டபோதெல்லாம் நாங்கள் பேசிய பேச்சு இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவனும் நின்றுவிட்டான்.

சிலையைப் பற்றி. அடெல் அப்தெஸ்ஸமத் செய்த ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலை அது. 2012இல் பாரிஸில் பொம்பிடு கலை மையத்துக்கு வெளியே நின்றது. அடுத்த வருடம் கத்தார் தலைநகர் தோஹாவின் கடற்கரைச் சாலையில் வைத்து, எதிர்ப்பு வந்ததால் சில வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். 2022 உலகக் கோப்பையை ஒட்டி விளையாட்டு அருங்காட்சியகத்தில் மறுபடி வைத்தார்கள். வீரர்களின் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்காக என்றார்கள். மாமா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரின் முகம் தெரியாத அளவுக்குத் தலை குனிந்திருக்கிறது. மற்றவர் விழுந்துகொண்டிருக்கிறார். கையில் கோப்பையோடு அவருக்குச் சிலை வைக்க நினைத்தால் 1998 இருக்கிறது, இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகத் தலையாலேயே இரண்டு கோல் அடித்தார். செய்தவர் அதை எடுக்கவில்லை.

அம்மாவைச் சொன்ன வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் பேசியவர்கள் சொல்வதில் பாதி சரி. மெட்டராஸி தான் சொன்னது ஜிதானின் அக்காவைப் பற்றி என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஃபிஃபா இருவரையும் தண்டித்தது. ஜிதானுக்கு மூன்று ஆட்டத் தடை, 7,500 சுவிஸ் பிராங்க் அபராதம். மெட்டராஸிக்கு இரண்டு ஆட்டம், 5,000 பிராங்க். எதிர்ப் பள்ளி பி.டி. சாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூக்கு உடைந்த பையன் எப்படி இருக்கிறான் என்று இவன் கேட்கட்டும். அந்தப் பையனும் இவன் அம்மாவைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் சொல்லட்டும்.

ஒரு வருடத் தடை எனக்குச் சம்மதமில்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரு வருடம் என்பது காலில் இருக்கும் ஆட்டம் முழுக்கப் போய்விடும் காலம். ஜிதான் ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்குப் பதிலாக மூன்று நாள் குழந்தைகளோடு வேலை செய்தார். தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மூன்று ஆட்டம் வெளியே உட்காரட்டும், அந்த நாட்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்தைத் தடுக்கச் சொல்லிக்கொடுக்கட்டும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முட்டியவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஸ்டேட்டஸ் போட்டவர்களைப் பற்றி, சிலையைப் பற்றி, தலைமையாசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பத்துப் பேரைப் பற்றி ‘ஆடினோம், தோற்றோம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. இருபது நிமிடம் ஒருவன் குறைவாக ஓடியவர்கள் அவர்கள். அவன் இடத்தையும் சேர்த்து ஓடியது யார்? கடைசி கோலை வாங்கிய கோல்கீப்பர் எந்த வகுப்பு? திரும்பி வரும்போது வேனில் அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.