டீச்சர், ‘பாஸ்டு அவுட்’னு எழுதினா தப்பா?

ஆங்கிலப் பேச்சுவழக்குத் தொடர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். கிராமர் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

மன்னார்குடி, பி.காம். மாணவி: ஐந்நூறு இடியம் இருக்கிற புத்தகம் வாங்கி, தினம் பத்து மனப்பாடம் பண்றேன். இன்டர்வியூவுக்குப் போதுமா டீச்சர்?

புத்தகத்தை மூடி வைம்மா. அந்த மாதிரிப் புத்தகத்தில் முதலில் வந்து நிற்பது ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-லேயே அச்சில் போட்டுவிட்ட தொடர் அது. இப்போது லண்டனில் அடைமழை பெய்தால் சாதாரணமாக ‘இட்ஸ் போரிங்’ (pouring) என்பார்கள். முதல் எழுத்தில் காற்றை வெடித்துச் சொல்லு. இல்லையென்றால் மழை உனக்குச் சலித்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும்.

கேட்டால் புரிகிற தொடர் எத்தனை இருந்தாலும் நல்லது. வாயில் வருவதற்கு நாலைந்து போதும். திடீரென்று ஒரு கணக்குக் கேட்கிறார்கள், கையில் தாள் இல்லை. ‘ஆஃப் த டாப் ஆஃப் மை ஹெட், அபௌட் ஃபார்ட்டி’ என்று சொல். சரிபார்க்காமல் ஞாபகத்திலிருந்து சொல்கிறேன் என்பது அதிலேயே வந்துவிடும். ஃபைலைத் தேட நேரம் வேண்டுமா, ‘பேர் வித் மீ’. இன்டர்வியூவில் இடியத்தை அடுக்கினால் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று உடனே தெரிந்துவிடும்.

கும்பகோணம், ஐ.டி. ஊழியர்: அமெரிக்க மேனேஜர் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றார். நான் உடனே ஸ்லைடைப் போட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

உங்கள் மேல் தப்பே இல்லை தம்பி. பிரிட்டிஷ் வழக்கில் ‘டேபிள்’ என்றால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது. நம் சட்டமன்றத்தில் அறிக்கையை ‘டேபிள்’ பண்ணினார்கள் என்கிற செய்தியும் அந்த அர்த்தத்தில்தான். அமெரிக்காவில் நேர் எதிர்: இப்போதைக்கு ஒத்திவைப்போம் என்று அர்த்தம். ஒரே மீட்டிங்கில் லண்டன்காரரும் நியூயார்க்காரரும் இருந்தால் அவர்களுக்குள்ளேயே குழப்பம் வரும். சந்தேகமாக இருந்தால் ‘நௌ ஆர் லேட்டர்?’ என்று கேட்டுவிடுங்கள்.

அமெரிக்கர்கள் பேச்சில் பாதி பேஸ்பால் மைதானத்திலிருந்து வருவது. ‘பால்பார்க் ஃபிகர்’ குத்துமதிப்பான தொகை. ‘டச் பேஸ்’ என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம். சாப்பிடக் கூப்பிட்டால் ‘ஐ’ல் டேக் எ ரெயின் செக்’ என்பார்கள். எங்கே மழை என்று ஜன்னலைப் பார்க்க வேண்டாம். மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் ரெயின் செக். இன்றைக்கு முடியாது, பிறகு வருகிறேன் என்கிறார். அதேபோல நம் கிரிக்கெட்டை அவர்களிடம் எடுத்துவிடாதீர்கள். சிக்கலான நிலைமையை ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்றால் பாவம், முழிப்பார்கள்.

திருவையாறு: ‘பாஸ்டு அவுட் இன் 2022’ என்று ரெஸ்யூமில் போட்டேன். கனடாவில் இருக்கிற அக்கா மகன் சிரிக்கிறான்.

அவன் ஊரில் அதற்கு 2022-ல் மயக்கம் போட்டு விழுந்தேன் என்று அர்த்தம். ‘கிராஜுவேட்டட் இன் 2022’ என்று மாற்றிவிடுங்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ வெள்ளைக்கார அதிகாரிகள் வேலை பார்த்த ஊரை ‘ஸ்டேஷன்’ என்று சொன்ன காலத்து மிச்சம். வெளிநாட்டில் ரயிலடி ஞாபகம்தான் வரும், ‘அவுட் ஆஃப் டவுன்’ போதும். வேண்டியதைச் செய்யுங்கள் என்கிற ‘டூ த நீட்ஃபுல்’ அவர்கள் கொடுத்ததுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. தேதியை முன்னால் தள்ளி வைப்பதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ மட்டும் எனக்குப் பிடிக்கும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட நம் சரக்கு, உள்ளூரில் தாராளமாகச் சொல்லுங்கள்.

பாபநாசம், ஓய்வுபெற்றவர்: மருமகனின் வெள்ளைக்கார மேலதிகாரிக்குத் தாயார் தவறிவிட்டார். இரங்கல் செய்தியில் ‘கிக்ட் த பக்கெட்’ போடலாமா? ‘எக்ஸ்பயர்டு’ சரியா?

ஐயா, அனுப்பிவிடாதீர்கள்! முதலாவது ‘மண்டையைப் போட்டுட்டாங்க’ என்பது மாதிரி. துக்க வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? ‘எக்ஸ்பயர்டு’ நம் ஊரில் செல்லும். அவர்களுக்கு அது மாத்திரை அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் இருக்கிற வார்த்தை. ‘ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று ஒரு வரி எழுதி நிறுத்துங்கள். இறந்ததைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் ‘பாஸ்டு அவே’. மேலே திருவையாற்றுக்காரர் போட்ட ‘அவுட்’ இங்கே வந்துவிடக் கூடாது.

நாகப்பட்டினம், ப்ளஸ் டூ: ‘நட்டாத்துல விட்டுட்டான்’ — இங்கிலீஷில் எப்படி டீச்சர்?

‘ஹீ லெஃப்ட் மீ ஹை அண்ட் ட்ரை.’ கடல் வற்றும்போது மணலில் மாட்டிக்கொண்ட கப்பலிலிருந்து வந்தது. கரைதட்டின படகைப் பற்றி நாகைப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை பார், நம்மைத் தண்ணீருக்கு நடுவில் விடுகிறார்கள், அவர்களைத் தண்ணீர் இல்லாத இடத்தில். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷம் கடைமடைக்காரர்களைக் கேட்டால் இங்கிலீஷ்காரன் சொல்வதுதான் சரி என்பார்கள்.

இன்னும் இரண்டு. ‘தண்ணி காட்டினான்’ என்பதற்கு ‘ஹீ கேவ் மீ த ரன்அரவுண்ட்’. ‘வயித்துல புளியைக் கரைச்சுது’ என்பதற்கு ‘மை ஹார்ட் ஸாங்க்’ சொல். ‘பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்’ பரீட்சைக்கு முன்னால் வருகிற லேசான படபடப்புக்குத்தான். புளி அளவுக்குக் கனம் கிடையாது.

வலங்கைமான்: நமக்கெல்லாம் இது வருமா?

வலங்கைமானில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! 1869-ல் உங்கள் ஊரில் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை, ஆங்கிலப் பேச்சுக்காகவே ‘வெள்ளி நாக்குக்காரர்’ என்று வெள்ளைக்காரர்களே கொண்டாடினார்கள். ஆங்கிலமும் நம்மிடம் வாங்காமல் இல்லை. கட்டுமரம் அங்கே ‘கேட்டமரான்’, மிளகுத்தண்ணி ‘முல்லிகடானி’, அணைக்கட்டு ‘அனிகட்’. அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கிற அணைக்கு ஆங்கிலத்தில் ‘லோயர் அனிகட்’ என்றே பெயர்.

மயிலாடுதுறை, இல்லத்தரசி: மகள் வீட்டுக்கு லண்டன் போகிறேன். பக்கத்து வீட்டம்மா ‘ஆல்ரைட்?’ என்று கேட்பாராம். என்ன பதில் சொல்வது?

நீங்களும் ‘ஆல்ரைட்?’ என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். அது நம் ஊரில் ‘என்ன, கடைக்கா?’ என்று கேட்கிற மாதிரி, விசாரணை இல்லை. சுகர் எவ்வளவு, முட்டிவலி எப்படி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நின்று பேசினால் ‘நாட் டூ பேட்’ சொல்லுங்கள்; அவர்கள் ஊரில் அதற்கு நன்றாகவே இருக்கிறேன் என்று அர்த்தம்.