மறதி வந்தால் முதலில் பி12 பாருங்கள்

மாட்டுங்கா வாசகர்: ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அல்சைமரைத் தடுக்கிறதாமே? அப்பாவுக்குப் பவுடர் வாங்கிவிட்டேன். எவ்வளவு கொடுக்கலாம்?

டப்பாவைத் திறக்காதீர்கள். வாங்கிவிட்டா அளவு கேட்பது? ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகத்தார் 2025-இல் ஆர்ஜினின் கொடுத்து, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா புரதம் திரள்வது குறைந்ததைக் கண்டது பழ ஈக்களிலும் எலிகளிலும்தான். அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறதா என்று ஒரு வரி எழுதவில்லையே! மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்றை, இறப்புகள் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். 2006-இல் வெளியான முடிவு அது.

முலுண்ட் வாசகி: மாமியாருக்கு 71. சைவம். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்துக்குத் தினமும் பேன்டபிரசோல். அடுப்பை அணைக்க மறக்கிறார். ஹோமோசிஸ்டீன் 32. வயதானால் அப்படித்தான் என்கிறார் கணவர்.

கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும் வாக்கியம் அது. ஹோமோசிஸ்டீன் 15-ஐத் தாண்டினாலே அதிகம். அது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து உடம்பிலேயே உண்டாகும் அமினோ அமிலம். அதை மறுபடி மெத்தியோனினாக்க பி12, ஃபோலேட் இரண்டும் வேண்டும். மாறாமல் தேங்கினால், நரம்பணுக்களில் உள்ள டௌ என்ற புரதத்தில் ஏறும் பாஸ்பேட்டைக் கழற்றுகிற என்சைம் மந்தமாகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. பாஸ்பேட் மிகுந்த டௌதான் அல்சைமரில் நரம்பணுவுக்குள் முறுக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வில் (2002) ஹோமோசிஸ்டீன் 14-க்கு மேல் இருந்தவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு.

சைவம், மெட்ஃபார்மின், அமிலம் குறைக்கும் மாத்திரை: மூன்றுமே பி12-ஐக் குறைப்பவை. மும்பைத் தமிழர் வீடுகளில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஸ்கேனுக்குப் பல ஆயிரம் கட்டுகிறவர்கள் பி12 என்ற ஒரு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்! இந்த வாரமே பி12, தைராய்டு இரண்டையும் பாருங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் மாத்திரை மட்டும் கொடுத்தால் பி12 குறைவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் தொடரும். பி12 குறைவால் வந்த மறதி, சீக்கிரம் கண்டுபிடித்தால் சரியாகக்கூடும், அல்சைமர் அப்படிச் சரியாகாது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செம்பூர் வாசகர்: அஜினோமோட்டோ மூளைக்குள் போய்விடுமா?

அதில் இருப்பது குளூட்டமேட் என்ற அமினோ அமிலம். சாப்பாட்டு குளூட்டமேட் மூளைக்குள் தாராளமாக நுழைவதில்லை. அதில் சோடியமும் உண்டு, ரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள்.

டோம்பிவிலி வாசகர்: பருப்பு சாப்பிட்டால் அம்மாவுக்குப் பார்கின்சன் மாத்திரை லெவோடோபா வேலை செய்வதில்லை.

லெவோடோபாவும் அமினோ அமிலமே. அதுவும் பருப்புப் புரதத்தின் அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழைய ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். பருப்பை நிறுத்தாதீர்கள், மாத்திரையையும் நீங்களாகக் கூட்டாதீர்கள்.

சயான் வாசகர்: மாமாவுக்கு மறதி. எந்த அமினோ அமிலம் நல்லது?

வயது? சர்க்கரை உண்டா? எத்தனை மாதமாக? மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் பெயர்களை எழுதி அனுப்புங்கள். அதுவரை எதுவும் கொடுக்காதீர்கள்.