தமிழ்வழியில் படித்துவிட்டு ஆய்வுக்கு வருபவர் ஆங்கிலச் சொல்வளத்தை எப்படிப் பெருக்கிக்கொள்வது?

கேள்வி: பள்ளிப்படிப்பு தமிழ்வழியில். எம்.எஸ்சி. முடித்து இப்போது பிஎச்.டி.க்குச் சேர்ந்திருக்கிறேன். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கவும் சொந்தமாக எழுதவும் சொல்வளம் போதவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிதான். தாவரவியலில் ஆய்வு முடித்து, இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆய்வு மாணவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்துவது என் வேலையில் பெரும்பகுதி. அதை வைத்துச் சொல்கிறேன்.

உங்களைத் தடுப்பது உங்கள் துறையின் கலைச்சொற்கள் அல்ல. குளோரோபில், என்சைம், குரோமோசோம் போன்ற சொற்களை யாரும் அகராதியில் தேடுவதில்லை. அவற்றை வகுப்பிலேயே விளக்கிவிடுகிறார்கள், தேர்வுக்கும் எழுதிவிடுகிறோம். வாசிப்பு நின்றுபோவது அவற்றுக்கு நடுவே வரும் சொற்களில்: டெரைவ், கான்ஸ்டிடியூட், வேர்ஆஸ், அட்ரிபியூட், ப்ரிசீட். இவை தாவரவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் சட்டத்துக்கும் பொதுவான சொற்கள். இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பாட ஆசிரியர் இது ஆங்கில ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறார். ஆங்கில ஆசிரியருக்கோ கவிதையும் சிறுகதையும் இலக்கணமும் முடிக்கவே பருவம் போதவில்லை. மாணவர் இடையில் மாட்டிக்கொள்கிறார். இது உங்கள் திறமைக் குறைவு இல்லை என்பதை முதலில் நம்புங்கள்.

இந்தப் பொதுச் சொற்களை ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்தைத் திரட்டி, எல்லாப் புலங்களிலும் அடிக்கடி வருபவற்றைப் பிரித்தெடுத்து, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்று அதற்குப் பெயர். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களெல்லாம் சேர்ந்தது ஒரு குடும்பம். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் இரண்டாயிரம் சொற்களையும் இதோடு சேர்த்தால், அவர் திரட்டிய எழுத்தில் 86 விழுக்காடு அடங்கிவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி துறைச்சொற்களும் பெயர்களும்தான், அவற்றில் பல உங்களுக்குத் தெரிந்தவை. ஆக, கடல் அளவு என்று பயந்தது உண்மையில் 570 குடும்பங்கள். வாரத்துக்குப் பத்து என்று வைத்தாலும் ஓராண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான்.

அந்த இரண்டாயிரம் சொல் பட்டியலுக்கு நம் பக்கத்து வரலாறு ஒன்று உண்டு. அதை 1953இல் வெளியிட்ட மைக்கேல் வெஸ்ட், அதற்கு முன்பு வங்காளத்தில், டாக்காவில் கல்விப் பணியில் இருந்தவர். அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசிக்கத் திணறியதைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடு, அரிய சொற்களைப் பிறகு கொடு என்று பாடநூல்களை மாற்றி எழுதினார். தாய்மொழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் வாசிக்க வந்த பிள்ளைகளை மனதில் வைத்துப் பிறந்த யோசனை அது. அதனால் நமக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

காக்ஸ்ஹெட்டின் பட்டியல் பத்துப் பகுதிகளாக இருக்கிறது, அதிகம் வருபவை முதல் பகுதியில். அதில் உள்ள அறுபதைப் பார்த்தாலே உங்களுக்குத் தெம்பு வந்துவிடும். ஏரியா, டேட்டா, பாலிசி, கான்ட்ராக்ட், பீரியட், ஃபார்முலா, இன்கம், பர்சன்ட், இஷ்யூ. நம் ஊரில் பள்ளிக்கூடமே போகாதவர்களும் சொல்லும் சொற்கள்! ஆனால் எச்சரிக்கை வேண்டியதும் இங்கேதான். பாலிசி என்றதும் நமக்கு எல்ஐசி நினைவுக்கு வருகிறது. கட்டுரையில் அது அரசின் கொள்கை. இஷ்யூ என்றால் நாம் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறோம். கட்டுரையில் அது விவாதப்பொருளாகவும் இருக்கலாம், ஆய்விதழின் ஒரு வெளியீடாகவும் இருக்கலாம். சிக்னிஃபிகன்ட் என்பது பேச்சில் முக்கியமானது, முடிவுகள் பகுதியிலோ பெரும்பாலும் புள்ளியியல் சோதனையில் தேறியது என்று பொருள். சோதனை எதுவும் செய்யாமல் அந்தச் சொல்லைப் போட்டால் மதிப்பீட்டாளர் உடனே சோதனை முடிவைக் கேட்பார். தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் வாசிப்பைத் திசைதிருப்பும். எனவே முதல் அறுபதையும் தெரியும் என்று தாண்டிவிடாமல், ஒவ்வொன்றையும் உங்கள் துறைக் கட்டுரை ஒன்றில் தேடி, அங்கே என்ன பொருளில் நிற்கிறது என்று பாருங்கள்.

போட்டித் தேர்வுக் கையேடுகளில் வரும் ஒருபொருள்-எதிர்ப்பொருள் பட்டியல்களை இதற்காக மனப்பாடம் செய்யாதீர்கள். ஜிஆர்இ சொற்பட்டியலும் அப்படித்தான். தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் சரி, படியுங்கள். ஆய்வுக் கட்டுரையில் அந்தப் பகட்டான சொற்கள் அபூர்வமாகவே வருகின்றன. எளிய சொல் இருக்கும் இடத்தில் கனமான சொல்லைப் போட்டால் எழுத்து உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் வேரோடிக் கிடக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளிப்படையான சான்று ஒன்று உண்டு. 2021இல் கீயோம் கபனாக், சிரில் லாபே, அலெக்ஸாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள், வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் விசித்திரமான சொற்றொடர்களைக் கண்டுபிடித்தார்கள். ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ், அதாவது கள்ள உணர்வு. பிக் டேட்டா இருக்க வேண்டிய இடத்தில் கலாசல் இன்ஃபர்மேஷன். பிரெஸ்ட் கேன்சர் என்பதற்குப் பதில் பூசம் பெரில், மார்பின் ஆபத்து! பிறர் எழுத்தைத் திருடியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடமிருந்து தப்பிக்க, சொல்லுக்குச் சொல் ஒத்த பொருளுடையதை மாற்றிப் போடும் கருவிகளில் பிறந்தவை இவை. சித்திரவதைத் தொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பார்த்தால் அகராதிப்படி பெரிய தப்பு இல்லை. சேர்ந்து நிற்கும்போது யாருக்கும் புரியாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். சொல்லைத் தனியே கற்காதீர்கள், அது யாரோடு வருகிறதோ அவர்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில் நாம் முடிவை எடுக்கிறோம், முடிவுக்கு வருகிறோம். ஆங்கிலக் கட்டுரையில் கன்குளூஷனை டிரா செய்வார்கள் அல்லது ரீச் செய்வார்கள். எக்ஸ்பெரிமென்டை கண்டக்ட் செய்வார்கள், ஹைப்பாதிசிஸை டெஸ்ட் செய்வார்கள், ப்ராப்ளத்தை அட்ரஸ் செய்வார்கள். நம் மாணவர்கள் எழுதும் டிஸ்கஸ் அபவுட் எங்கிருந்து வருகிறது? தமிழில் பற்றி விவாதித்தோம் என்கிறோம், அந்தப் பற்றியை அபவுட் ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலத்தில் டிஸ்கஸுக்குப் பிறகு நேரே பொருள் வந்துவிடும், அபவுட் தேவையில்லை. எம்ஃபசைஸ் ஆன் என்பதும் அதே வகை. எவிடன்ஸ், ரிசர்ச், இன்ஃபர்மேஷன் மூன்றையும் பன்மையாக்குவதும் நம் எழுத்தில் நிறைய வருகிறது. கல்விசார் ஆங்கிலத்தில் அவற்றை ஒருமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் வந்தால் கூகுள் ஸ்காலரில் அந்தத் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். நல்ல ஆய்விதழ்களில் நூற்றுக்கணக்கில் வந்தால் எழுதலாம். நாலைந்துதான் வருகிறது என்றால் வேறு தொடரைத் தேடுங்கள்.

இதற்கு ஒரு நோட்டு போதும். நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது: உங்கள் தலைப்பில் வந்த நல்ல கட்டுரை ஒன்றை எடுங்கள். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள், விஷயம் என்ன என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது வாசிப்பில், பொருளைத் தடுத்த பொதுச் சொற்களில் ஐந்தாறு மட்டும் எடுங்கள், ஐம்பது வேண்டாம். சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். கீழே அதன் குடும்பத்தை எழுதுங்கள்: அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல், அனலிஸ்ட். அப்புறம், உங்கள் சொந்தத் தரவைப் பற்றி அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். உதாரணத்துக்கு அட்ரிபியூட். கட்டுரையில் கேன் பி அட்ரிபியூட்டட் டு என்று வந்திருக்கும். உங்கள் செடிகளின் உயர வேறுபாட்டுக்கு மண்ணின் ஈரப்பதம் காரணம் எனலாம் என்பதை அந்தத் தொடரில் எழுதிப் பாருங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டால், சொல் வாசிப்பில் மட்டும் அடையாளம் தெரியும், எழுதும்போது கைக்கு வராது.

அடுத்த கட்டுரையும் அதே தலைப்பில் இருக்கட்டும். அதற்கடுத்ததும். ஒரே தலைப்பில் தொடர்ந்து வாசித்தால் அதே சொற்கள் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப எதிரே வரும், மனப்பாடத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மீதிக்கு ஆன்கி போன்ற செயலி இருக்கிறது, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். அதில் மற்றவர்கள் செய்து வைத்த அட்டைகளை இறக்காமல், உங்கள் நோட்டு வாக்கியங்களையே ஏற்றுங்கள்.

தமிழ்வழியில் படித்ததைப் பாரமாக நினைக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியின் தொனியில் தெரிகிறது. கருதுகோள், மாறி, மாறிலி, முறையே, எதிர்விகிதம் இவையெல்லாம் பள்ளியிலேயே பொருளோடு படித்தவை. ஹைப்பாதிசிஸ், வேரியபிள், கான்ஸ்டன்ட், ரெஸ்பெக்டிவ்லி, இன்வர்ஸ் ப்ரொபோர்ஷன் என்று பார்க்கும்போது உங்களுக்குக் கருத்து புதிதல்ல, பெயர் மட்டுமே புதிது. ஆங்கிலவழியில் சொல்லை மட்டும் ஒப்பித்து வந்த மாணவர்களைவிட இதில் உங்கள் நிலை வலுவானது என்பதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். ரிசல்ட்ஸ் சஜஸ்ட், மே இண்டிகேட், இட் இஸ் லைக்லி என்று கட்டுரையாளர்கள் பட்டும்படாமலும் எழுதுவது சிலருக்குக் குழப்பம் தரும். தமிழாய்வில் எனலாம், எனக் கருத இடமுண்டு என்று எழுதுகிறோமே, அதே பணிவும் அதே எச்சரிக்கையும்தான். ப்ரூவ்டு என்று எழுதிவிட்டால் மதிப்பீட்டாளர் ஆதாரம் கேட்பார். உங்கள் தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு ஏற்ற வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் சொல்வளத்தில் சேர்ந்ததுதான்.

முன்னொட்டுகளும் கைகொடுக்கும். இன்டர், இன்ட்ரா இரண்டையும் பிரித்தறியாமல் சூழலியல் கட்டுரை வாசிக்க முடியாது. இன்டர்ஸ்பெசிஃபிக் போட்டி வெவ்வேறு இனங்களுக்கு இடையே, இன்ட்ராஸ்பெசிஃபிக் ஒரே இனத்துக்குள். ஆனால் எல்லாச் சொல்லையும் இப்படிப் பிரித்து ஊகிக்க வேண்டாம். இன்வேலியுபிள் என்றால் மதிப்பில்லாதது இல்லை, மதிப்பிட முடியாத அளவு அரியது. இன்ஃப்ளேமபிள் என்று எழுதிய புட்டி தீப்பிடிக்கும், ஆய்வகத்தில் இதைத் தெரிந்துகொள்வது உயிருக்கும் நல்லது.

அகராதி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. ஆங்கிலம்-தமிழ் அகராதி பொருளைப் பிடிக்க உதவும், அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எழுதுவதற்கு அது போதாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த அகராதி வேண்டும்: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அல்லது லாங்மேன். லாங்மேன் சுமார் இரண்டாயிரம் எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை எழுதியிருக்கிறது, எனவே விளக்கம் புரியாமல் இன்னொரு சொல்லைத் தேடும் அலைச்சல் குறைவு. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதத் தொடங்கியதும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆய்வுகளைச் சுட்ட, முரண்பட, வரம்புகளைச் சொல்ல என்று இடத்துக்கு ஏற்ற பொதுத் தொடர்கள் அங்கே இருக்கின்றன. யாருடைய கருத்தும் அவற்றில் இல்லாததால் எடுத்துக்கொள்வது திருட்டும் ஆகாது.

கடைசியாக உச்சரிப்பு. கருத்தரங்கில், வாய்மொழித் தேர்வில், தெரிந்த சொல்லையே சொல்லத் தயங்கி நிற்கும் மாணவர்கள் நிறைய. குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் இடம் மாறும்: அனலைஸில் முதல் அசை, அனாலிசிஸில் இரண்டாவது, அனலிட்டிகலில் மூன்றாவது. மேலே சொன்ன இரண்டு அகராதித் தளங்களிலும் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிக்குறி இருக்கும். சொல்லை நோட்டில் ஏற்றும் அன்றே அதை அழுத்திக் கேட்டு, குடும்பம் முழுவதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.