மேசைக் கணினிக்கு எந்த மின்னஞ்சல் மென்பொருள்? மலையகத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மேசைக் கணினியில் மின்னஞ்சல் பார்ப்பதற்கு எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது என்று பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். அட்டனில் பல வருடங்களாகக் கணினி திருத்தும் வேலையில் இருப்பதால், நானே பழகிப் பார்த்தவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன். ஒரே விடயத்தைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, ஜிமெயிலை உலாவியில் திறந்தே பழகிவிட்டேன். அதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் தேவைதானா?

இணைய லைன் எந்நேரமும் ஒழுங்காக இருக்குமானால் தேவையில்லை, ரீச்சர். ஆனால் வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் நமது பக்கத்தில் லைன் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உலாவியில் ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். மென்பொருளோ, லைன் கிடைத்த நேரத்தில் கடிதங்களை இறக்கி உங்கள் வன்தட்டிலேயே வைத்துவிடுவதால், பிறகு லைன் இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு முந்திய கடிதத்தைக்கூடத் தேடி எடுக்கலாம்.

என் கடையின் தகரக் கூரையில் மழை கொட்டும்போது ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். அப்போது, நான் பாவிக்கும் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட்டின் இடது கீழ் மூலையிலுள்ள சிறிய அடையாளத்தை அழுத்தித் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வந்திருக்கும் கடிதங்களுக்கு ஆறுதலாகப் பதில் எழுதுவேன். எழுதியவை அனுப்பப்படாத கடிதங்களாக ஒரு பெட்டியில் காத்திருக்கும். விளக்கு பச்சைக்கு மாறியதும் அதே அடையாளத்தை மீண்டும் அழுத்தினால், அவற்றை அனுப்பலாமா என்று மென்பொருளே கேட்கும். அடையாளத்தை அழுத்தாமல் லைன் இல்லாத வேளையில் ‘அனுப்பு’ என்று கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தோட்ட அலுவலக எழுதுவினைஞர்: அவுட்லுக்கா, தண்டர்பேர்ட்டா? இரண்டையும் சிபாரிசு செய்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்தின் தலைமையகம் மைக்ரோசொப்ட் சேவையில் கணக்குகளை வைத்து, நாட்காட்டி, கூட்ட அழைப்பு எல்லாவற்றையும் அதிலேயே நடத்துகிறதென்றால், அவுட்லுக்கை விட்டு விலகாதீர்கள். விலகினால் உங்களுக்குத்தான் சிரமம். சொந்தக் கணக்குகளுக்கென்றால் தண்டர்பேர்ட்டையே சொல்லுவேன். 2004 டிசம்பரில் அதன் முதலாம் பதிப்பு வந்தது. இன்றும் இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை எவரும் பார்க்கலாம்), விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். விண்டோஸுடன் வந்த ‘மெயில்’ என்ற சிறிய செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய அவுட்லுக், பணம் கொடுத்து வாங்கும் பழைய அவுட்லுக் அல்ல, வேறொரு மென்பொருள். அதில் ஜிமெயில், யாஹூ போன்ற கணக்கொன்றைச் சேர்த்தால், உங்கள் கடிதங்களின் பிரதி மைக்ரோசொப்டின் மேகச் சேவையிலும் வைக்கப்படும். அதைச் சம்மதித்துத்தான் சேர்க்கிறீர்கள் என்றால் பிழையில்லை. ஆனால் பெரும்பாலானோர் வாசிக்காமலே ‘தொடர்க’ என்று அழுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. தண்டர்பேர்ட்டில் கடிதம் சேவையகத்திலிருந்து, அதாவது மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியிலிருந்து, நேரே உங்கள் கணினிக்கு வருகிறது. நடுவில் இன்னொருவர் இல்லை.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்: கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பொப் என்று இரண்டு தெரிவுகள் வருகின்றன. எதை எடுக்க வேண்டும், அண்ணா?

ஐமேப்பை எடுங்கள், தம்பி. பொப் என்பது தபால் பெட்டியிலிருந்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவது போன்றது; சேவையகத்திலும் ஒரு பிரதியை விட்டுவை என்று சொல்லி வைக்காவிட்டால், அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஐமேப்பில் மூலம் சேவையகத்தில் இருக்கும், கணினியிலும் கைபேசியிலும் இருப்பவை அதன் பிரதிகள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் என் கணினியில் பொப் முறையை, சேவையகத்தில் ஒன்றும் விடாதபடி அமைத்திருந்தேன். ஓர் ஐப்பசி மாதத்துப் பின்னேரம் இடி விழுந்து வன்தட்டு போனது. அதோடு நான்கு வருடக் கடிதங்களும் போயின. வெளிநாட்டிலிருந்த என் அண்ணன் அப்பாவின் கடைசி நாட்களில் எழுதிய கடிதங்களும் அவற்றுள் இருந்தன. அவற்றைத் திரும்ப எடுக்க எந்த வழியும் இருக்கவில்லை.

ஆனாலும் ஐமேப் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கைபேசியில் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அடுத்த முறை லைன் வந்ததும் கணினியிலிருந்தும் அது அழிந்துவிடும். இழக்க முடியாத கடிதங்களைத் தண்டர்பேர்ட்டின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்குள் பிரதியெடுத்து வையுங்கள். அந்தப் பகுதிக்கும் சேவையகத்துக்கும் தொடர்பில்லை.

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர்: பென் டிரைவில் பிரதி எடுக்கப் பார்த்தேன். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மறுக்கிறது. டிரைவில் 20 ஜிபி இடம் காலியாகவே இருக்கிறதே?

இடம் போதாமல் மறுக்கவில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு கோப்புறையிலுள்ள எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பாக எழுதி வைக்கிறது. டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் பல உண்டு; உங்கள் பென் டிரைவ் ஃபாட்32 என்ற பழைய முறையில் இருக்கிறது போலும். அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவிலுள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்தால் சரியாகிவிடும். பிரதி எடுப்பதற்கு முன் தண்டர்பேர்ட்டை மூடிவிடுங்கள். நீங்கள் அழித்த கடிதங்களும் ‘கொம்பெக்ட்’ செய்யும்வரை அந்தக் கோப்புக்குள்ளேயே கிடக்கும் என்பதால், அதை முதலில் செய்தால் கோப்பும் சிறுக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: டொங்கிளில் போடும் டேட்டா முழுவதையும் இந்த மென்பொருள் தின்றுவிடுமோ என்று மகன் பயப்படுகிறான்.

அப்படியே விட்டால் முதல் நாளிலேயே தின்றுவிடும், அக்கா. மகன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கணக்கு அமைப்புகளில் ஒத்திசைவுப் பகுதிக்குச் சென்று, அண்மைய 30 நாட்களின் கடிதங்கள் மட்டும் போதும் என்றும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கடிதங்களை இறக்க வேண்டாம் என்றும் கொடுங்கள். ஜிமெயில் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ‘ஆல் மெயில்’ என்ற கோப்புறை, மற்றக் கோப்புறைகளில் உள்ளவற்றை மீண்டும் ஒருமுறை காட்டும். ஜிமெயிலின் லேபிள் அமைப்புகளில், அதை ஐமேப்பில் காட்டு என்றிருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் அந்தச் சுமை குறையும். அனுப்பும்போதும் கவனம் தேவை: இணைக்கும் படங்கள் வழியில் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுவதால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெருக்கின்றன. 6 எம்பி படம் 8 எம்பி ஆகிப் போகும்.

பதுளையிலிருந்து ஒரு சங்கச் செயலாளர்: எங்கள் தமிழ்க் கடிதங்கள் சிலருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றனவாம். மென்பொருளை மாற்ற வேண்டுமா?

மாற்றிப் பயனில்லை, ஐயா. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது எந்த மென்பொருளிலும் அப்படித்தான் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோடில் எழுதுங்கள், பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

புசல்லாவையிலிருந்து: விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிக்கு எது பொருந்தும்?

தண்டர்பேர்ட் 115தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டதால், விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறி, பாரமில்லாத கிளோஸ் மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போடுவதே நல்லது.

கண்டியிலிருந்து ஒரு கணக்காளர்: சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் ஜிமெயில் ஏற்க மறுக்கிறது.

கடவுச்சொல்லை மட்டும் கேட்டு உள்ளே விடும் பழைய முறையைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. கணக்கு அமைப்பில் உறுதிப்படுத்தும் முறையை ‘ஓஓத்2’ என்று மாற்றினால் கூகுளின் பக்கமே திறந்து அனுமதி கேட்கும்.

நோர்வூட்டிலிருந்து ஒரு கொமியூனிகேஷன் (தொலைபேசி, இணைய வசதி தரும் கடை) உரிமையாளர்: கடைக்கு வருபவர்களுக்காகப் பொதுக் கணினியில் தண்டர்பேர்ட் போட்டுக் கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அதில் வைக்கும் முதன்மைக் கடவுச்சொல், சேமித்த கடவுச்சொற்களை மட்டுமே காக்கும். வன்தட்டில் இறங்கிவிட்ட கடிதங்களுக்கு அது பூட்டு அல்ல. வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டுப் பிரதி அனுப்ப வரும் பிள்ளையின் கடிதத்தை அடுத்து உட்காருபவர் திறந்து பார்க்க முடியும். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை மூடிவிட்டு, பதிவிறக்கக் கோப்புறையில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்து அழித்துவிடுங்கள்.