அரசியலமைப்பு முடியாட்சிக்கு இனி எதிர்காலம் உண்டா?

‘மன்னர் என்பவர் அலங்காரப் பொம்மைதானே, இன்னும் எத்தனை காலம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். 1971-இல் மன்னர் மானியத்தை ஒழித்த இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நான் மலேசியாவில், கிள்ளானில் ஃபிரேம் கடை வைத்திருப்பவன். இங்கே அரசு அலுவலகம், பள்ளி என்றால் சுவரில் மாமன்னர் படமும் பிரதமர் படமும் இருக்கும். யார் வந்தார், யார் போனார் என்பது என் பிழைப்போடு ஒட்டிய விஷயம்.

ஒன்பது மாநிலங்களின் அரச பரம்பரை ஆட்சியாளர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; 1957 முதல் இதுதான் முறை. 1993-இல் பிரதமர் மகாதீரின் அரசு, ஆட்சியாளர்கள்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றிருந்த பாதுகாப்பை நீக்கிச் சிறப்பு நீதிமன்றம் அமைத்தது. மறுஆண்டு, மாமன்னர் ஒப்புதல் தராவிட்டாலும் 30 நாளில் மசோதா சட்டமாகிவிடும் என்று திருத்தம் வந்தது. அரண்மனையின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் என் அப்பாவும் சொன்னார்.

முடியவில்லை. 2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தபோது, அன்றைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா நாடாளுமன்ற உறுப்பினர்களை வரவழைத்து யாருக்கு ஆதரவு என்று நேரிலேயே விசாரித்தார். வாசலில் காத்துக்கிடந்த செய்தியாளர்களுக்கு மெக்டொனால்ட்ஸ் உணவை அவரே எடுத்துக் கொடுத்ததும் அப்போதுதான். 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 222 இடங்களில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 எவருக்கும் கிடைக்கவில்லை. புதுப் பிரதமர் படம் எப்போது கிடைக்கும் என்று தொலைபேசி ஓயவில்லை. போட்டியிட்ட கூட்டணித் தலைவர்களில் முகைதீன்தான் என்றான் மகன்; அன்வார் என்றார் கடைப் பையன். கண்ணாடியை வெட்டுங்கள், பின்னட்டையை அளந்து வையுங்கள், படத்தை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அந்த இரு தலைவர்களும் சேர்ந்து ஆட்சி அமைக்கலாம் என்ற அரண்மனையின் யோசனையை முகைதீன் ஏற்கவில்லை. 24-ஆம் தேதி ஆட்சியாளர்களின் சிறப்புக் கூட்டம். அன்று மாலையே அன்வார் பதவியேற்றார்.

என் கணக்கு இதுதான்: ஒரு கட்சி தெளிவாக ஜெயித்தால் மாமன்னர் சுவரோடு சரி. இழுபறி என்றால் பிரதமரைக் கண்டெடுப்பவர் அவர். உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று கருதுகிறாரோ அவரை நியமிக்க அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு இடம் தருகிறது. கட்சி தாவலும் கூட்டணி முறிவும் உள்ளவரை அரண்மனைக்கு வேலை குறையாது.

உடனே என்னை அரச விசுவாசி என்று திட்ட வராதீர்கள். 2020 அக்டோபரில், அன்று பிரதமராக இருந்த முகைதீன் கேட்ட அவசரநிலையை மாமன்னர் மறுத்தார், நானும் மகிழ்ந்தேன். 2021 ஜனவரியில் அவரே இசைந்தார். நாடாளுமன்றம் மாதக்கணக்கில் கூடவில்லை. அப்போது யாரிடம் போய் முறையிடுவது? பிரதமரைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். இந்த உறுத்தல் எனக்கு இன்றும் தீரவில்லை.

2018 மே முதல் 2022 நவம்பர் வரை நான்கு பேர் பிரதமராகப் பதவியேற்றார்கள். கடையில் பணம் கொட்டியிருக்கும் என்று நினைப்பீர்கள். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம், வாங்கிய படங்களுக்குப் பணம் தருவதற்குள் படத்திலிருந்தவரே பதவி விலகிவிட்டார். “பழைய பிரதமருக்கு எப்படிப் பில் போடுவது?” என்று இன்றுவரை இழுத்தடிக்கிறார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் மாமன்னரின் ஒப்புதலுக்கே 30 நாள் கெடு வைத்த நாட்டில், ஒரு கணக்கரின் கையெழுத்துக்கு எந்தக் கெடுவும் இல்லை.